காரமும் காலமும்

இளமையைக் கண்டு முதுமையைக் கணிப்பது மனித இயல்பு. நாற்றைப் பார்த்து விளைச்சலை மதிக்கிறான் உழவன். கன்றைப் பார்த்துக் கறவையை மதிக்கிறான் ஆயன். மாணவனைப் பார்த்து அவனுடைய எதிர்காலத்தை மதிக்கிறார் ஆசிரியர். இத்தகைய மதிப்பீடு இன்றி உலக வாழ்க்கை நடைபெறாது. ஆயினும், இன்னும் முதிராத ஒன்றின்மேல் தீர்ப்புக் கூறும் உரிமை எவருக்கு உண்டு? கூறிய பின்னர் அத்தீர்ப்பு அவர்மேல் எத்தகைய கடமையைச் சுமத்துகிறது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு எளிய பொருளொன்று துணைசெய்கிறது. அது சுருட்டு.

புகையிலை உடலுக்குக் கேடு விளைப்பது என்பதை மருத்துவ உலகம் ஐயமின்றி நிறுவியுள்ளது. மலேசியாவிலும் புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எனவே, ஈண்டுச் சுருட்டைப் பேசுவது அதனைப் பரிந்துரைப்பதற்கு அன்று. அதனை மதிப்பிடும் கலையில் பொதிந்துள்ள அறிவை எடுத்துக்கொள்வதற்கே ஆகும்.

தமிழர்க்குச் சுருட்டு புதிய பொருள் அன்று. திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையும், உறையூரில் குடிசைத் தொழிலாய் வளர்ந்த திருச்சிச் சுருட்டும், யாழ்ப்பாணத்துச் சுருட்டும் ஒரு காலத்தில் புகழ்பெற்று விளங்கின. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சிந்திக் கிடந்த சாம்பலைக் கொண்டு அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். கடல் கடந்து பேராக் மாநிலத்திற்கு வந்த தமிழரோடு இப்பழக்கமும் வந்தது. ஈப்போவின் தென்மேற்கே, மெங்லெம்புவை அடுத்துள்ள லகாட் போன்ற ஊர்களில், ஈயச் சுரங்கங்களும் பால்மரத் தோட்டங்களும் செழித்திருந்த நாளில், வேலை முடிந்த மாலைப்பொழுதில் சுருட்டோடு அமர்ந்திருந்த முதியோரை இன்றைய தாத்தா பாட்டிமார் நினைவுகூர்வர்.

ஆயினும், சுருட்டு முதிர்வதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு கியூபா. அந்நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பினார் தெல் ரியோ மாநிலத்தின் புகையிலை உலகப் புகழ் வாய்ந்தது. அங்கே செடியின் அடியிலை எளிதில் எரியும். நடுவிலை மணம் தரும். வெயிலை நிரம்பப் பெற்ற மேலிலை வலிமை தரும். இவற்றைத் தக்க அளவில் கலந்து உள்ளே நிரப்பி, ஓர் இலையால் கட்டி, மெல்லிய மற்றோர் இலையால் போர்த்துகின்றனர். அதற்கு முன்னரே இலைகளை உலர்த்திக் குவித்து, அவை தம் வெப்பத்தாலேயே புழுங்கி நொதிக்கும்படி விடுகின்றனர். அப்பொழுது அம்மோனியா ஆவியாய் வெளியேறுகிறது. இலையின் கடுமை தணிகிறது. இவ்வாறு பக்குவப்படுத்துவதைத் தமிழில் 'பாடம் செய்தல்' என்பர். பள்ளியில் கற்பதும் பாடமே; இலை பக்குவப்படுவதும் பாடமே. இச்சொல் ஒற்றுமை எண்ணி மகிழத்தக்கது.

சுற்றி முடித்த பின்னும் பாடம் முடிவதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட சுருட்டில் நொதித்தல் மெல்லத் தொடர்கிறது. ஆதலால் இளஞ்சுருட்டைப் பற்றவைப்போர்க்குச் சில வேளைகளில் அம்மோனியாவின் நெடியும் நாவை உறுத்தும் காரமுமே முதலில் தோன்றும். சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடிய இப்பருவத்தைச் சுருட்டுச் சுவைஞர் 'நோய்க்காலம்' என்றே வழங்குவர். பெட்டியின் அடிப்புறத்தில் அஃது அடைக்கப்பட்ட மாதமும் ஆண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். தேர்ந்த சுவைஞர் முதலில் அந்த முத்திரையைப் பார்ப்பார். வயதை அறியாமல் குணத்தை உரைப்பது பிழை என்பதை அவர் அறிவார்.

அத்தகையோர் இரண்டு குறைகளை வேறுபடுத்திக் காண்கின்றனர். ஒன்று காரம், மற்றொன்று வெறுமை. காரமாய் இருக்கும் சுருட்டில் நெடிக்குப் பின்னால் இனிமையோ மரத்தின் மணமோ சிறிதளவேனும் தென்பட்டால், அது காலத்தால் கனியக்கூடும் என்பர். அதற்கு மாறாக, முதல் நாளிலேயே மென்மையாய், எவரையும் உறுத்தாமல் இருக்கும் சுருட்டு சில ஆண்டுகளில் மணமிழந்து வெற்றுப் புகையாய் முடிதலும் உண்டு. காலம் கடுமையைத் தணிக்கும். இல்லாத வலிமையைத் தாராது. ஆயினும், காரமெல்லாம் கனியும் என்று கொள்வதும் மடமையே. சரிவரப் பாடம் செய்யப்படாத இலையும், காற்றுப் புகாதபடி இறுகச் சுற்றிய சுருட்டும் எத்தனை ஆண்டு வைத்தாலும் நன்றாவதில்லை.

இம்மதிப்பீட்டில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. சுருட்டைச் சுவைக்க வேண்டுமாயின் அதனை எரித்தாக வேண்டும். எரிந்தது மீண்டும் முதிராது. முதிரப்போவதோ இன்னும் சுவைக்கப்படாதது. பெட்டியில் இருபத்தைந்து இருந்தால், ஒன்றை எரித்து எஞ்சிய இருபத்து நான்கைக் குறித்துக் கருத்துரைக்கலாம். சில ஆண்டுகள் கழித்து மற்றொன்றை எடுத்து அக்கருத்தைத் திருத்திக்கொள்ளலாம். அஃதாவது, எந்தத் தீர்ப்பும் அதற்கு ஆளான பொருளைப் பற்றியது அன்று. அதன் உடன்பிறப்புகளைப் பற்றிய ஊகமே ஆகும். இதனை உணர்ந்த சுவைஞர் அடக்கத்தோடு பேசுவார்.

லகாட்டில் ஒருவருக்குக் கியூபாச் சுருட்டுப் பெட்டி ஒன்று அன்பளிப்பாய்க் கிடைக்கிறது எனக் கொள்ளலாம். ஒன்றைச் சுவைத்து, "இது பத்தாண்டில் சிறந்து விளங்கும்" என்று அவர் உரைக்கிறார். பின்னர்ப் பெட்டியை அலமாரியின்மேல் வைத்து மறந்துவிடுகிறார். கிந்தா பள்ளத்தாக்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். சுருட்டுக்கு ஏற்றதோ ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு. அதனோடு குளிர்ச்சியும் வேண்டும். இவ்வெப்பத்தில் புகையிலை வண்டு முட்டையிலிருந்து வெளிவந்து இலையைத் துளைக்கும், பூஞ்சை படரும். பத்தாண்டு கழித்துப் பெட்டியைத் திறந்து, "என் கணிப்புத் தவறிவிட்டது, சுருட்டு தரமற்றது" என்று அவர் கூறுவாராயின், அது நீதியாகுமா? சுருட்டு தவறவில்லை, காப்பாளர் தவறினார்.

இங்கேதான் இவ்வினாவின் மையம் வெளிப்படுகிறது. "நாளை மழை பெய்யும்" என்று கூறுபவர் மழைக்குப் பொறுப்பாளர் அல்லர். "இது நன்கு முதிரும்" அல்லது "இது தேறாது" என்று கூறுபவரோ, பெரும்பாலும் அப்பொருளைத் தம் கையிலேயே வைத்திருப்பவர். அவருடைய சொல் வெறும் கணிப்பு அன்று. அதில் ஒரு வாக்குறுதி அடங்கியிருக்கிறது.

இதற்குப் பேராக் மண்ணிலேயே சான்று உண்டு. 1877-இல் கோலகங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. நட்ட மரம் பால் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். காப்பியை நம்பியிருந்த தோட்ட முதலாளிகள் அத்தனை ஆண்டு காத்திருக்க விரும்பவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, இம்மரத்திற்கு வருங்காலம் உண்டு என்றார். அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று எள்ளினர். அவர் கணித்ததோடு நின்றாரா? மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டார். விதைகளைச் சட்டைப்பையில் சுமந்து சென்று சந்தித்தோர்க்கெல்லாம் கொடுத்தார். அவருடைய தீர்ப்பு மெய்யானது. அதனை மெய்யாக்க அவரே உழைத்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1855-இல் பிறந்து 1956 வரை வாழ்ந்த அவர், தாம் நம்பிய மரம் ஒரு நாட்டையே தாங்கியதைத் தம் கண்ணால் கண்டார்.

ஆசிரியர் உலகம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. 1988 முதல் 2021-இல் நீக்கப்படும் வரை, யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஆறாம் ஆண்டு மாணவரை அளந்து வந்தது. தேசிய மொழியில் உரிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்றனர். அந்த ஓராண்டைச் சிலர் தண்டனையாகக் கருதினர். நல்லாசிரியர் வாய்த்த இடத்தில் அது பாடம் செய்யும் காலமாயிற்று. ஆண்டு ஒன்றே, பெட்டியைக் காத்த கை வேறு.

சுருட்டுக்கும் மாணவனுக்கும் உள்ள வேறுபாடுகளையும் மறத்தல் ஆகாது. மாணவர் இருபத்தைந்து பேர் ஒரே வகுப்பில் இருந்தாலும் அவர்கள் ஒரே பெட்டியின் சுருட்டுகள் அல்லர்; ஒருவனைச் சோதித்து மற்றவனை முடிவுசெய்ய இயலாது. அன்றியும், சுருட்டு தன்மேல் கூறப்பட்ட தீர்ப்பைக் கேட்பதில்லை, மாணவன் கேட்கிறான். "நீ தேறமாட்டாய்" என்ற சொல் அவன் செவியில் விழுந்த கணம் முதல், அவனை வளர்க்கும் காற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பன்னிரண்டு வயதில் எதிர்த்துக் கேள்வி கேட்கும் சிறுவனின் காரத்தைக் குறையென்று கொள்பவர், அக்காரத்திற்குப் பின்னால் உள்ள மணத்தை நாடவில்லை. அடங்கி ஒடுங்கி இருப்பவனை நல்லவன் என்று பாராட்டி அத்தோடு விட்டுவிடுபவர், அவனுக்குள் வலிமை ஊட்டவும் தவறுகிறார்.

அப்படியாயின் தீர்ப்பே கூறாமல் இருத்தல் நன்றோ? அதுவும் அறமாகாது. எல்லாக் குறைகளையும் இளமையின் பெயரால் மன்னிப்பது பரிவுபோல் தோன்றும். உண்மையில் அது பொறுப்பைத் தட்டிக்கழித்தலே. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை, "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஆண்டுதோறும் மேல்வகுப்பிற்கு அனுப்புவது, பூஞ்சை படர்ந்த பெட்டியைத் திறந்து பாராமல் இருப்பதற்கு ஒப்பாகும். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றே தனி அதிகாரம் அமைந்துள்ளது. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதையும் அது ஒருசேரக் கடிகிறது. ஆராய்தல் கடமை, ஆராய்ந்தபின் உடன் நிற்றலும் கடமை.

முதிராத ஒன்றைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவோர் மூன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அதன் வயதை அறிந்து பேசுதல் முதலாவது. காரத்தையும் வெறுமையையும் பிரித்துணர்தல் இரண்டாவது. தம் சொல் மெய்யாவதற்கோ பொய்யாவதற்கோ தம் கையும் காரணமாகும் என்பதை ஒப்புதல் மூன்றாவது. காலம் தானே எதையும் கனியச் செய்வதில்லை. காப்போர் இருந்தால் காலம் பாடமாகிறது. இல்லையேல் அது வெறும் கழிவாகிறது.