திருநீறும் மலைச்சாம்பலும்



மாத்தளை மாவட்டத்திலே, இரத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் என வழங்கும் தும்பறை மலைச்சாரலிலே எமது சிற்றூர்ச் சிவாலயம் உள்ளது. சென்ற மகாசிவராத்திரியன்று அங்கே இரண்டாஞ் சாமப் பூசை நிகழ்ந்துகொண்டிருக்கையில், முற்றத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணியின்மேல் கரிய துகள்கள் வந்து விழுந்தன. வெளியே சென்று பார்த்தோம். மேலே, பத்தனை என்று நம்மவர் சொல்லும் மலைப் புற்றரையில், செந்தீ நெடிய கோடாய் ஊர்ந்துகொண்டிருந்தது.

மூதாட்டி ஒருவர் கைகுவித்து, "அடிமுடி காணாத சோதி இன்றைக்கு நம்ம மலையிலேயே தெரியுதே" என்று கண்ணீர் உகுத்தார். மற்றொருவர், "சாமி கோபம், ஊர்கூடிப் பொங்கல் வைக்கவேணும்" என்றார். பஞ்சாட்சரம் ஓதும் வாயையுடைய யானோ ஒன்றும் பேசாது நின்றேன். ஏனெனில், அன்று நண்பகலிலேயே என் மாணாக்கன் ஒருவன், "எங்கள் மாமா புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார், சேர்" என்று கள்ளமின்றிச் சொல்லியிருந்தான்.

அம்மாமாவை ஊரார் யாவரும் அறிவர். நான்கு சாம அபிடேகத்துக்கும் பால் தந்தவர் அவரே. அதனாலன்றோ என் வாய் அடைபட்டது!

அன்பர்களே! சிவராத்திரியில் நாம் வழிபடுவது, பிரமனும் திருமாலுந் தேடிக் காணாத சோதித்தம்பம். அச்சோதி நான் என்னும் செருக்கை எரித்தது. ஓர் ஓணானையேனும் எரித்ததன்று. எம்பெருமான் செய்யுஞ் சங்காரமும், பிறந்திறந்து இளைத்த ஆன்மாக்களுக்கு இளைப்பாற்றுதல் என்றே சித்தாந்தம் கூறும். மனிதன் ஒருவன் தீக்குச்சி கிழித்துச் செய்த வினையை இறைவன் கோபம் என்பது, நம் குற்றத்தை அவன்மேல் ஏற்றும் சிவநிந்தையேயாம்.

இம்மலைத்தீ வானத்தினின்று விழுவதன்று. மாசி பங்குனியின் வறட்சியிலும், கீழைச் சாரலாகிய லக்கலைப் பக்கத்தில் ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றிலும், இலுக்கும் மானாப்புல்லும் உலர்ந்து நிற்கும். மாட்டுக்கு இளம்புல் வேண்டியும், வேட்டை கருதியும், சேனைப்பயிர் வேண்டியும் கொளுத்துவோர் உளர். சுருட்டை எறிந்து போவாரும், சோறு சமைத்த அடுப்பை அணையாது போவாரும் உளர். இலுக்கின் கிழங்கு மண்ணுக்குள் பிழைத்து மீண்டுந் துளிர்க்கும். காட்டோரத்தில் முளைத்த மரக்கன்றுகளோ மாய்ந்துபோம். இவ்வாறு ஆண்டுதோறும் புல் முன்னேறக் காடு பின்வாங்குகின்றது. மூடுபுல் இழந்த மண் முதன் மழையிலேயே கரைந்தோட, கோடையில் ஊற்றுகள் வற்றுகின்றன. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமை என ஏற்ற இம்மலைக்காட்டில், மூக்கின் நுனியில் இலைபோன்ற உறுப்புடைய ஓணான் ஒன்று வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. மெல்ல நகரும் அவ்வுயிர் தீக்கு எங்ஙனம் தப்பும்? மனிதரும் தப்பாமையைத் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டிற்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அம்மலையில் நடைப்பயணம் சென்றோர் தீயிடை அகப்பட்டு, இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அன்றிரவு கற்றார் ஒருவர், "காடெரிந்த சாம்பலும் திருநீறாகும், உபகற்பம் என்று நூல்கள் கூறவில்லையா?" என்று கேட்டார். கூறுகின்றன. ஆயின், தானே தீப்பட்டு வெந்த சாம்பலை எடுத்து, கோசலத்தாற் பிசைந்து, சிவாக்கினியில் இட்டுச் சுத்தி செய்த பின்னரே அது நீறாகும். சாம்பல் வேண்டிக் காட்டைக் கொளுத்துக என்று எந்நூலும் விதித்ததில்லை. ஓமத்தீக்குக் குண்டம் எல்லை. தீமிதிப்புக்குக் குழி எல்லை. விளக்குக்கு அகல் எல்லை. எல்லையும், பொறுப்பேற்பானும் உள்ள தீயே வழிபாடாம். இவ்விரண்டும் இல்லாதது கொலையாம்.

யான் இளமையில் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். எலியா என்னுந் தீர்க்கதரிசி மலையில் நின்றபோது, பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் ஆண்டவன் இருக்கவில்லை என்றும், பின் வந்த மெல்லிய குரலிலேயே அவனை உணர்ந்தார் என்றும் பாதிரியார் கற்பித்தார். அட்டமூர்த்தத்துள் அக்கினியும் ஒன்றாயிற்றே என்று அக்காலத்தில் மனத்துள் வாதாடினேன். இப்போது வேறொன்று புலப்படுகின்றது. மெல்லிய குரல் எனக்கும் கேட்டது. அஃது அச்சிறுவன் குரல். யானே செவிகொடாதிருந்தேன்.

மறுநாட் காலையில், வனத் திணைக்களத்தாரும் ஊரிளைஞரும் பச்சைத் தழையால் அடித்துத் தீயை அவித்த பின்னர், அவர் வீட்டுக்குச் சென்று, அறிந்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அப்பன் காலத்திலும் இப்படித்தான், வாத்தியாரையா. புல் துளிர்க்காட்டி மாட்டுக்கு என்னத்தைப் போடுறது? உங்க சாமிக்குப் பால் எங்கேயிருந்து வரும்?" என்றார். எனக்கு மறுமொழி இல்லை. பாலை ஏற்ற நாம், பசு எதை உண்டது என்று ஒருநாளேனும் கேட்டோமா?

ஆகவே அடியேன் பரிபாலகர்களிடம் விண்ணப்பித்து, தரிசாய்க் கிடந்த கோயில் நிலத்தில் அரை ஏக்கரை நேப்பியர்ப் புல் வளர்க்க அவருக்கு விடச் செய்தேன். அவரும் பிள்ளையார் சந்நிதியில், இனிக் கொளுத்துவதில்லை என்று சொன்னார்.

அன்பர்களே! வறட்சி தொடங்குமுன் ஊரோரத்திற் புல்லைச் செதுக்கித் தீத்தடை அமையுங்கள். புகை கண்டால் 117 என்னும் இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள். வனத்துக்குத் தீ வைத்தல் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சட்டத்துக்கு மேலாக, பசு வைத்திருக்கும் எளியவனுக்குப் புல்லுக்கு வழிசெய்யுங்கள், அதுவுஞ் சிவபூசையே.

வரும் மாசியில் மலை பசுமையாய் நிற்குமோ கருகி நிற்குமோ, அறியேன். ஆயின் அறிந்தும் வாய் திறவாதிருந்த குற்றம் இன்னொருமுறை என்னைச் சேராதிருக்க எம்பெருமான் திருவருள் புரிக.

திருச்சிற்றம்பலம்.