தண்டவாளம் போன ஊருக்கு ஒரு விடுமுறை

பிரிக்பீல்ட்ஸில் ரயிலை மறந்துவிட்டு வாழ முடியாது. முதலில் செங்கல் சூளைகள், பிறகு ரயில்வே குடியிருப்புகள், இப்போது கே.எல். சென்ட்ரல் என்று வளர்ந்த வட்டாரம் இது. என் வாடகை அறையின் சன்னலைத் திறந்தாலே வண்டிச் சத்தம்தான். அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் லீவில் எங்காவது போகலாம் என்று தோன்றியபோது, முடிந்தவரை ரயிலிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்குப் பழைய ஊர்கள் பிடிக்கும். தங்கச்சிக்கு மலையும் ஆறும் வேண்டும். பொறியாளன் புத்தி, எக்செல்லில் அட்டவணை போட்டேன். முதல் வரிசையில் மலாக்கா. பிறகு பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்து, அங்கே அயுத்தயா. கடைசி வரிசையில் காஞ்சனபுரி: ஆற்றில் மிதக்கும் விடுதிகள், பாறையை உரசிக்கொண்டு மரத்தூண்களின் மேல் ஊர்ந்து போகும் ரயில்.

முதல் வரிசையிலேயே சிக்கல் வந்தது. 2008-இல் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மலாக்கா நகரத்துக்கு ரயில் கிடையாது. பூலாவ் செபாங்கில் இறங்கி மீதி வழியைச் சாலையில்தான் போக வேண்டும். ஏன் என்று தேடினேன். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை இருந்திருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிழக்குக் கரைப் பாதையிலும் பெரும்பகுதியைப் பெயர்த்தார்கள். போருக்குப் பிறகு கிழக்குக் கரைக்கு ரயில் திரும்பி வந்தது, மலாக்காவுக்கு வரவில்லை. என் முதல் வரிசையில் விழுந்த ஓட்டைக்கான காரணம் கடைசி வரிசையில் இருந்தது. காஞ்சனபுரியில் நாங்கள் ஏறப்போவது அதே பாதையில் ஓடும் ரயிலில்தான்.

தண்டவாளம் மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். என் பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவர். கித்தா தோட்டத்திலிருந்து, மூணு மாசத்தில் திரும்பிடலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்களாம். பாட்டிக்கு அப்போது மூணு வயசு. அவர் திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது, ஆடி அமாவாசையில் படையல் மட்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் விடுதிப் படங்களைப் பார்த்து அட்டவணை போட்டபோது ஞாபகத்துக்கு வரவில்லை. அம்மாவுக்கு வந்தது.

"சயாமா? அங்க போயி செல்ஃபி எடுக்கப் போறியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கேயும் போக முடியாதே என்றேன். மலாக்காவை 1511-இல் போர்த்துகீசியர்கள் பீரங்கியோடு வந்து பிடித்தார்கள். நாம் அவர்கள் கட்டிய கோட்டையின் வாசலில் நின்று படம் எடுக்கிறோம். அயுத்தயாவை 1767-இல் பர்மியப் படை அழித்தது, இன்று அந்தச் சிதிலத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அங்க நம்ம ஆளு யாரும் சாகலையே."

பல நாள் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். என் வாதத்தில் ஓட்டை இருந்தது. பழைய துக்கங்கள் ஆறிவிட்டன என்பதைத்தான் அது காட்டியதே தவிர, ஆறாத துக்கத்தின் மேல் நடக்கலாம் என்று காட்டவில்லை. வேலையிடத்து நண்பன் ஒருவன் வேறு வழி சொன்னான்: போ, ஆனால் துக்க வீட்டுக்குப் போவது மாதிரி போ, மிதக்கும் விடுதியெல்லாம் வேண்டாம். அதுவும் எனக்கு ஒட்டவில்லை. நம் துக்க வீட்டிலேயே கருமாதியன்று விருந்து சமைக்கிறோம், பிள்ளைகள் வாசலில் விளையாடுகின்றன. அதைச் செத்தவருக்கு அவமரியாதை என்று யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் சந்தோஷமாக இருப்பது குற்றம் இல்லை. வேறு எதுவோதான் உறுத்துகிறது.

அது என்ன என்பது எண்களைப் பார்த்தபோது புரிந்தது. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் கிடக்கிறார்கள், பெரும்பாலான கல்லில் பெயர் உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர், அதில் மலாயாத் தமிழர்கள் பெரும் பங்கு. காலராவிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் என்பார்கள், கூட்டியும் சொல்வார்கள், குறைத்தும் சொல்வார்கள். ராணுவத்திடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலிகளுக்குத் தலைக்கணக்கு மட்டும்தான்.

1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படம் பிரிட்டிஷ் கைதிகளின் கதையைச் சொன்னது. எடுத்தது இலங்கையில், கித்துல்கலவில். படத்தின் பெயரில் இருந்த க்வாய் ஆற்றைத் தேடிச் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். உண்மையில் அந்தப் பாலம் இருந்தது மே க்ளோங் ஆற்றின் மேல். அதனால் 1960-களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே க்வாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு சினிமாவுக்காக ஆற்றுக்கே பெயர் கிடைத்தது. அந்தக் கரையில் 1944-இல் எழுப்பிய ஒரு நினைவுச் சின்னத்தில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. எழுப்பியது, கூட்டிப்போன அதே ஜப்பானிய ராணுவம்.

இதைப் படித்து ஆத்திரப்பட்ட அன்றைக்குச் சாயங்காலம், வழக்கம்போல் கட்டுமானத் தளத்தின் அன்றாட அறிக்கையை நிரப்பினேன். பொறியாளர்களுக்குப் பெயர் போட்டேன். கீழே, பொது வேலையாட்கள்: 42. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா. நாலு பேரின் பெயர்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. நாளைக்கு அந்தக் கட்டடத்தின் மாடியில் நின்று யாராவது ஊர் அழகைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதில் தப்பில்லை. 42 என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன கையில்தான் தப்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் மாமா வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமே கேட்டேன். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

"அந்த ரயிலு இன்னும் ஓடுதா?"

"ஓடுது பாட்டி. கொஞ்ச தூரம்தான், நாம் தோக் வரைக்கும்."

"எடம் எப்படி இருக்கும்?"

தயங்கினேன். "ரொம்ப அழகா இருக்குமாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பாவும் பார்த்திருப்பாருல்ல."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவரைச் செத்தவராக மட்டுமே நினைத்திருந்தேன். சாவதற்கு முன்னால், ஒரு காலையிலாவது அந்த ஆற்றை ஏறிட்டுப் பார்த்திருக்கக் கூடிய மனுஷன் என்று நினைத்ததில்லை.

அவருடைய முழுப் பெயரைக் கேட்டேன். பாட்டி அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். இத்தனை வயசில் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன்.

அட்டவணையைத் திருத்திவிட்டேன். மலாக்காவுக்குப் பேருந்து. மிதக்கும் விடுதி அப்படியே இருக்கட்டும், தங்கச்சி கேட்டது. காஞ்சனபுரியில் ஒரு நாளைக் கூட்டியிருக்கிறேன். போர்க் கல்லறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வாட் தாவோர்ன் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அங்கேதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பூவும் கற்பூரமும் கொண்டுபோகச் சொன்னார் பாட்டி. அம்மாவும் வருகிறார்.

தளத்தில் 42 பேருடைய பெயர்களையும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை பத்தொன்பது.