அடுப்பு ஒன்று, அறம் இரண்டா?

"அப்படியானால், நாங்கள் உண்பது உனக்குத் தீட்டாகிவிட்டதா?"

தந்தை கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. கையிலே, கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு கிலோ ஆட்டுக்கறி. எதிரே, அடுக்களை வாயிலில், மகன். முப்பது ஆண்டுக் காலம் அந்த அடுப்பை ஆண்ட தாய், இல்லை, அந்த அடுப்புக்கு ஆட்பட்ட தாய், மூட்டு வலியால் கூடத்திலே அமர்ந்திருக்கிறார். கரண்டி மகன் கைக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. அவனோ, இறைச்சியும் மீனும் மட்டுமன்றி, முட்டை, பால், தயிர், நெய் அனைத்தையும் விட்டவன்.

"தீட்டு என்று நான் சொல்லவில்லையே, அப்பா. கொல்வது வேண்டாம் என்றுதானே சொல்கிறேன்."

"சொல் எதுவானால் என்ன தம்பி? உன் பாட்டனாரை ஊர் ஓட்டலுக்கு உள்ளே விடவில்லை. கறி தின்கிற சாதி என்று வெளியே நிறுத்திக் கொடுத்தார்கள். நாம் உண்பது நமக்கு இழிவில்லை என்று நிமிர்ந்து நிற்கக் கற்றுக் கொடுத்ததே இந்த இயக்கம். இன்று என் வீட்டு அடுக்களையிலேயே அந்தக் குரலா?"

இப்படியொரு வீட்டை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வீடு கற்பனை, ஆனால் விவாதம் கற்பனையன்று. தான் உண்ண மறுக்கும் உணவைப் பிறர்க்குச் சமைத்துத் தரலாமா என்பது மகனுடைய கேள்வி. உணவைக் காட்டி மனிதனைத் தரம் பிரித்த கொடுமையை எதிர்த்து நின்ற குடும்பத்திலே, "இது எனக்கு வேண்டாம்" என்னும் சொல்லுக்கு எப்படி இடம் தருவது என்பது தந்தையின் கேள்வி. இரண்டும் நேர்மையான கேள்விகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது பகுத்தறிவாகாது.

தந்தையின் சினத்துக்கு வரலாறு உண்டு. 1924-25ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்திலே, நாட்டுத் தொண்டர்களை உருவாக்கப் பொதுப் பணத்தில் நடந்த அந்த இடத்திலே, பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி, மற்றச் சிறுவருக்கு வேறு பந்தி. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதனை எதிர்த்துக் கிளர்ந்ததை இயக்க வரலாறு அறிந்தோர் மறவார். 1957இல் சென்னையிலே, உணவு விடுதியின் பலகையில் எழுதப்பட்ட "பிராமணாள்" என்ற ஒரு சொல்லை அழிப்பதற்காகத் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தனர். மாட்டிறைச்சி உண்டதைக் காரணமாக்கியே ஒரு மக்கட்கூட்டம் தீண்டப்படாதாராய் ஒதுக்கப்பட்டது என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பழங்கதை என்று தள்ள முடியுமா? "சைவம் உண்போருக்கு மட்டும்" என்று வீட்டு வாடகை விளம்பரம் இன்றும் வருகிறதே! உணவின் பெயரால் சாதியைக் கேட்கும் தந்திரமன்றோ அது!

சொல்லையே பாருங்கள். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது காய்கறி உணவுக்குப் பெயராயிற்று. மற்றதெல்லாம் "அசைவம்" ஆயிற்று. தமிழ்நாட்டிலே நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் புலால் உண்போர். அந்தத் தொண்ணூறு பேரின் உணவுக்குச் சொந்தமாக ஒரு பெயரில்லை. சிலருடைய உணவின் பெயருக்கு முன்னே ஓர் "அ" சேர்த்து, அதுவல்லாதது என்று அழைக்கிறோம். பெருந்தொகையினரைப் "பார்ப்பனரல்லாதார்" என்று எதிர்மறையால் குறிப்பதா என்று நம் முன்னோர் கேட்டனரே, அதே கேள்வியைச் சோற்றுத் தட்டின் முன்னும் கேட்கலாம்.

ஆகவே, தந்தை ஐயுறுவதில் தவறில்லை. ஆனால், மகனுடைய மறுப்பும் அந்தப் பழைய மறுப்பும் ஒன்றுதானா? இதைத்தான் ஆய்ந்து பார்க்க வேண்டும்.

பழைய மறுப்பு பிறப்பைக் கேட்கும். புதிய மறுப்பு வலியைக் கேட்கிறது. பழையது, உண்பவனைத் தாழ்ந்தவன் என்னும். புதியது, உண்ணப்படும் உயிரை நினைந்து பார் என்னும். இரண்டையும் பிரித்துக் காட்டும் உரைகல் ஒன்றிருக்கிறது. அதுதான் பால். வருணாசிரமச் சைவம் பாலைத் தெய்வமாக்கும். நெய்யை வேள்வித் தீயிலே கொட்டும். தயிரில்லாமல் பந்தி முடியாது என்னும். பசுவைத் தாய் என்று கும்பிடும். அந்தத் தாய்க்குக் கன்று என்று ஒன்று உண்டே, அதன் கதி யாது என்று மட்டும் கேளாது!

ஈனாத பசு கறவாது. பால் வேண்டுமெனில் ஆண்டுக்கு ஆண்டு சினை வேண்டும். சினை என்றால் கன்று. பிறப்பதில் ஏறத்தாழப் பாதி காளைக் கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக் கன்றை வைத்துக் காப்பவர் எத்தனை பேர்? கன்று இறந்தால், அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னே நிறுத்தி, அது நக்கிக் கொடுக்கும்போதே மடியைக் கறக்கும் வழக்கத்தை நம் ஊர்களிலே கண்டதில்லையா? உலகிலேயே மிகுதியாகப் பால் தரும் நாடு இந்தியா. எருமை இறைச்சியை ஏற்றுமதி செய்வதிலும் முன்வரிசையில் நிற்பது இந்தியா. பாற்குடமும் கசாப்புக் கடையும் ஒரே தெருவின் இரு முனைகள். நெய்ப் பொங்கல் உண்டுகொண்டே கறிக்குழம்பு உண்பவனைப் பழிப்பவன், அந்தத் தெருவின் ஒரு முனையில் நின்றுகொண்டு மறுமுனையைப் பார்த்து மூக்கைப் பொத்திக் கொள்கிறான். அவ்வளவே.

இதைக் கண்டுதான், இங்கிலாந்திலே மரக்கறி உண்டு வந்தவர்களில் சிலர், பாலையும் முட்டையையும் விலக்காத மரக்கறி முழுமையாகாது என்று வாதிட்டு, 1944இல் தனிக் கழகம் கண்டனர். டொனால்டு வாட்சன் என்பாரும் அவருடைய தோழர்களும் "வீகன்" என்ற சொல்லை வழங்கினர். "நனிசைவம்" என்று இன்று சிலர் தமிழில் எழுதுகின்றனர். சைவம் என்ற பழைய ஒட்டு அதிலே இருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். அந்தக் கழகத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1789இல் வெளியான தம் நூலிலே, விலங்கிடம் நமக்குள்ள கடமையை அளக்கும் கோல் அதன் அறிவுமன்று, பேச்சுமன்று, அது வலியை உணர்கிறது என்பதே எனக் கருத்துரைத்தார் பெந்தம். அவர்க்கும் முன்னே, புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவர். அங்கே சாதி இல்லை, பந்தி இல்லை, தீட்டு இல்லை. மகன் நிற்பது இந்த வரிசையிலே.

"சங்கத் தமிழன் ஊன்சோறு உண்டானே! பெரியார் இறைச்சி உண்டாரே!" என்று கேட்பீர்கள். ஆம், உண்டனர். அதனை மறைப்பானேன்? ஆனால், பாட்டன் உண்டான் ஆகவே நானும் உண்பேன் என்பது, பாட்டன் கும்பிட்டான் ஆகவே நானும் கும்பிடுவேன் என்பதற்கு உடன்பிறப்பு. யார் சொன்னாலும், எந்த நூல் சொன்னாலும், உன் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் கொள் என்பதே பெரியார் நமக்கு விட்டுச் சென்ற முதற்பாடம். அவருடைய தட்டைப் பின்பற்றி அந்தப் பாடத்தைக் கைவிட்டால், கைத்தடியைப் பூசித்து நடையை மறந்தவராவோம்.

மகனே, உனக்கும் ஒரு சொல். உன் இரக்கம் யார் கையிலே ஆயுதமாகிறது என்று விழித்துப் பார். வேறு சில மாநிலங்களிலே பள்ளிக் குழந்தையின் உணவிலே முட்டை வைக்கச் சமயக் காரணம் காட்டித் தடை சொன்னார்கள். ஏழைக் குழந்தைக்கு அந்த முட்டை சதையும் எலும்புமாகும் சத்து. அதற்கு ஈடான உணவை அதே தட்டிலே வைக்காமல் முட்டையை மட்டும் எடுக்கும் கையை, எடுப்பவன் எந்தக் கொள்கைக்காரனாயினும், தடுப்பவர் வரிசையில் நீயும் நிற்க வேண்டும். மாட்டிறைச்சி வைத்திருந்தான் என்று மனிதனை அடிப்பவன் உன் தோழனல்லன். மனிதனிடம் இரங்காத கையிலே மாட்டின் மீது இரக்கம் எங்கிருந்து வரும்?

இனி அடுக்களைக்கு வருவோம். கறி காத்திருக்கிறது.

"ஆடு இறந்துவிட்டது, நீ சமைத்தால் என்ன, சமைக்காவிட்டால் என்ன?" என்று கேட்பது எளிது. வலுவான வாதமன்று. இன்று வாங்குவதால்தான் நாளை அறுக்கிறான். ஆகவே, மகன் அந்தக் கறியில் கை வைக்க மறுத்தால் அது பிடிவாதமன்று. ஆனால், "என் கொள்கை வேறு" என்று சொல்லிக் கரண்டியைக் கீழே வைத்தால், அந்தக் கரண்டியை எடுப்பது யார்? கூடத்திலே மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்தத் தாய்!

இங்கேதான் நாம் நெடுநாள் பாராதிருந்த ஓர் உண்மை முகத்திலே அறைகிறது. முப்பது ஆண்டுகள் அவர் சமைத்தார். கணவனுக்குக் காரம், மாமியாருக்கு உப்புக் குறைவு, மகனுக்கு மீன், மருந்துண்ணும் மாமனாருக்குக் கஞ்சி. "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு நாளாவது கேட்டவர் உண்டா? மகன் ஒன்றை மறுத்தால் அது கொள்கை. வீடே கூடி விவாதிக்கிறது. தாய் ஒன்றை விரும்பியிருந்தால் அது வாய்ருசி, விவாதிக்க ஆளில்லை. ஆட்டுக்கு இரங்கும் நெஞ்சு அருகிலே புகையில் வெந்த தாயைக் காணாதிருந்தால், அந்த இரக்கத்துக்குக் கண் ஒன்றுதான் என்பேன்.

ஆகவே, என் தீர்ப்பு இது. புலால் வேண்டுபவர் புலாலைச் சமைக்கட்டும். தந்தைக்கும் கை இருக்கிறது. கறி கழுவவும் வெங்காயம் வதக்கவும் ஆணுக்கு வராது என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. மறுப்பவன் மற்றதெல்லாம் சமைக்கட்டும். இயலாத நாளிலே, நோயுற்ற தந்தைக்காக, பசித்த குழந்தைக்காக, கறியும் சமைக்க நேர்ந்தால் சமைக்கட்டும். அதனால் அவன் கொள்கை செத்துவிடாது. மனிதன் பசித்திருக்கத் தன் கையின் தூய்மையைக் காப்பதுதான் பழைய தீட்டின் இலக்கணம். அந்தத் தீட்டு தன்னிடம் இல்லையென்று காட்ட ஒரு வழியும் உண்டு: கறி வெந்த சட்டியை அவனே துலக்கட்டும். தீட்டுப் பார்ப்பவன் சட்டியைத் தொடமாட்டான். உயிருக்கு இரங்குபவன் கழுவி, அதே சட்டியிலே மறுநாள் தன் குழம்பை வைப்பான். தனிச் சட்டி, தனி அடுப்பு, தனிப் பந்தி என்று தொடங்கினால், சேரன்மாதேவி நம் கூடத்திற்கே வந்துவிடும்.

இருவகை உணவு இரட்டை வேலையாகுமே என்றால், அவ்வளவு கடினமில்லை. தேங்காய், சோம்பு, கசகசா, மிளகு, மல்லி அரைத்துக் கொதிக்கும் மசாலாவிலே கறி சேருமுன் பாதியை எடுத்து, அதிலே பலாக்காயோ காளானோ மொச்சையோ போட்டால் அது மகனுக்கு. கறி சேர்ந்தது தந்தைக்கு. கேழ்வரகுக் களி, கொள்ளுத் துவையல், கீரை மசியல், புளிக்குழம்பு, சுண்டல், தேங்காய்ப் பாலில் ஊறிய இடியாப்பம் இவற்றிலே பால் ஏது, புலால் ஏது? ஏழைத் தமிழனின் அன்றாடத் தட்டு, பாதி நாள் அவனறியாமலே நனிசைவந்தான். நெய்க்கு நல்லெண்ணெய் இருக்கிறது. மோரும் தேநீரும்தான் மல்லுக்கு நிற்கும், கடுங்காப்பி பழகலாம்.

ஆனால் இளைஞனே, அறிவியலை மறவாதே. பி12 என்னும் உயிர்ச்சத்தைச் செடிகொடிகளிலிருந்து போதுமான அளவு பெற முடியாது. பாலையும் முட்டையையும் சேர்த்து விட்டவன் அதனை மாத்திரையாகவோ, அது சேர்க்கப்பட்ட உணவாகவோ கொள்ளவேண்டும். நம் முன்னோர் இதெல்லாம் பார்த்தார்களா என்று வீறாப்புப் பேசுவது நம் மேடைப் பேச்சன்று. தாய்மாரே, உங்களுக்கும் ஒன்று: பிள்ளை இளைக்கிறானே என்று அவனறியாமல் நெய்யை ஊற்றிவிடாதீர்கள். அன்பால் செய்ததாயினும் அது ஏமாற்று. நேரே கேளுங்கள், நேரே மறுக்கட்டும்.

இந்த வாதத்தின் முடிவில் தந்தை கறியை விட்டுவிடுவாரா? விடாமலும் போகலாம். மகன் பாலுக்குத் திரும்புவானா? திரும்பாமலும் இருக்கலாம். ஒருவரையொருவர் வெல்வது அன்றைய வேலையன்று. நடுப்பகல். கூடத்திலே ஒரே பாய். ஒருவர் இலையிலே கறி, ஒருவர் இலையிலே பலாக்காய். இருவரும் சமைத்ததை இருவரும் சேர்ந்து முதலிலே தாய்க்குப் பரிமாறுகின்றனர். "உனக்கு எது வேண்டும்?" என்று, முப்பது ஆண்டு கழித்து, அந்த வீட்டிலே ஒரு கேள்வி எழுகிறது.

தோழர்களே! உயிர்க்கு இரங்குவது அறம். மனிதரைப் பிரிக்காதிருப்பதும் அறம். இரண்டும் ஒரே அடுப்பில் வேகும். வேகாது என்று சொல்பவனிடம், விறகிலே குற்றமா, உன் உள்ளத்திலே குற்றமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சட்டியைத் துலக்க எழுந்திருங்கள்!