சோறு போட்ட கை

மீனாட்சி கையில் கிளி இருக்கிறது. ஆண்டாள் கையிலும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதைத் தினமும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். இரண்டும் யாரையும் கடித்ததாகத் தகவல் இல்லை.

என் நண்பர் வீட்டுக் கிளி கடிக்கும். சிலிண்டர் போட வந்தவர், டியூஷன் பையன், ஊரிலிருந்து வந்த மைத்துனர் என்று பாரபட்சமே கிடையாது. போன மாதம் என் ஆள்காட்டி விரல். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கடித்துவிட்டு அது 'வாங்க, உக்காருங்க' என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

நண்பருக்கு ரத்தம் பெரிசில்லை. "குஞ்சா வந்தப்போ பஞ்சுல தொட்டுத் தொட்டுக் கஞ்சி ஊட்டினேன் சார். இப்ப என்னையே கடிக்குது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்" என்றார். வழக்கைக் கொஞ்சம் விசாரிப்போமா? நீங்கள்தான் ஜட்ஜ்.

கிளிக்குக் கை இல்லை. ஏற, பிடிக்க, தொட்டுப் பார்க்க எல்லாவற்றுக்கும் அலகு வேண்டும். அதனால் விரலைக் கவ்வுவதெல்லாம் கடி ஆகாது. நிஜக் கடிக்கு முன்னால் பெரும்பாலும் நோட்டீஸ் கொடுத்துவிடும். கண்மணி சட்டென்று சுருங்கி விரியும், கழுத்து இறகு சிலிர்க்கும், உடம்பைப் பின்னுக்கு இழுக்கும். மரத்தில் இருந்தால், பிடிக்காததைக் கண்டு பறந்துவிடலாம். கூண்டில், அதுவும் இறக்கையைக் கத்தரித்த பிறகு, 'வேண்டாம்' என்று சொல்ல அலகுதான் மிச்சம்.

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977-ல் கடையில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, அலெக்ஸ். 2007-ல் இறப்பதற்குள் நிறம், வடிவம், எண்ணிக்கையெல்லாம் சொல்லி உலகப் புகழ் பெற்றுவிட்டது. பரீட்சை அலுத்துப்போனால் 'திரும்பிப் போகணும்' என்று ஆங்கிலத்தில் சொல்லுமாம். பிடிக்காததற்கு 'நோ'. வார்த்தையால் மறுத்தால் மேதை, அலகால் மறுத்தால் நன்றிகெட்டது!

கடியை நிறுத்த வழி உண்டு. அடிக்காதீர்கள். 'ஐயோ' என்று கத்தாதீர்கள், அது அதற்கு நல்ல வேடிக்கை. கண்மணி சுருங்கினால் கையை எடுத்துவிடுங்கள். தானாகக் கிட்டே வந்தால் ஒரு துண்டு கொய்யா கொடுங்கள். விருந்தாளி கம்பிக்குள் விரலை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் (இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது). மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். இன்னொரு வழி, துண்டில் சுற்றி, திமிறி ஓயும் வரை அமுக்கிப் பிடிப்பது. அப்படி அடங்கிய கிளியைப் பழகிவிட்டது என்பார்கள். நண்பர் இரண்டாவதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி ஊட்டினது சரி. அது பசியோட உங்க வாசலுக்கா வந்துச்சு?" என்று கேட்டேன்.

பேசவில்லை. யாரோ மரப்பொந்தில் கைவிட்டு எடுத்து 300 ரூபாய்க்கு விற்ற குஞ்சு. தாயிடமிருந்து பிரித்துவிட்டு நாமே ஊட்டினால் கடன் யார் கணக்கில் ஏறும்? 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கூண்டைப் பின்கட்டுக்கு மாற்றுவதோடு சரி.

"அப்ப பறக்க விட்டுடவா?" என்றார். பூனையைப் பார்த்தும் 'வாங்க, உக்காருங்க' என்கிற கிளி! இறக்கையும் இல்லாமல் மொட்டைமாடியில் விட்டால் அன்று சாயங்காலத்தைத் தாண்டாது. வனத்துறையிடம் ஒப்படைக்கலாம் என்றேன். அவருடைய மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளையும் இரண்டு முறை கடித்திருக்கிறது.

அந்த வீட்டில் கடி வாங்காத ஒரே ஆள் நண்பரின் அம்மா. கம்பி இடுக்கில் ஒரு பச்சை மிளகாயைச் செருகிவிட்டு (பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது) திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். தொட்டதில்லை, கொஞ்சினதில்லை, பேசு என்று சொன்னதும் இல்லை.

வனத்துறை நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காலண்டர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். இன்னும் போன் பண்ணவில்லை.