ஸ்டாலினுக்கு ஆயுதம் கொடுப்பது பாவமா?

1937 மார்ச்சில் போப் 11ஆம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடலில் மழுப்பலே கிடையாது. கம்யூனிசம் அடிப்படையிலேயே தீயது, எந்தக் காரியத்திலும் அதனோடு கைகோக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னார். நாலே ஆண்டில் அந்த மடல் வாஷிங்டனுக்குத் தலைவலியானது. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லைக்குள் புகுந்தன. ஸ்டாலினுக்கு ஆயுதம் அனுப்ப ரூஸ்வெல்ட் விரும்பினார். போப் விலக்கியதை நாம் செய்வதா என்று அமெரிக்கக் கத்தோலிக்கர் பலர் முரண்டு பிடித்தனர்.

செப்டம்பரில் ரூஸ்வெல்ட்டின் தூதர் மைரன் டெய்லர் வத்திக்கானுக்குப் போனார். அப்போதைய போப் 12ஆம் பயஸ் பழைய மடலைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் சின்சினாட்டி பேராயர் மெக்நிகோலஸ் அடுத்த மாதமே ஒரு விளக்கம் தந்தார்: தடை கம்யூனிசத்துக்குத்தான்; தாக்கப்பட்ட ரஷ்ய மக்களுக்கு உதவுவதற்கு அல்ல.

வசதியான நேரத்தில் வந்த விளக்கம். ஆனாலும் வெறும் சப்பைக்கட்டு என்று ஒதுக்க முடியாது. முற்றுகைக்குள் சிக்கிய லெனின்கிராட்டில் பட்டினியால் செத்தது கட்சிக் கொள்கையா என்ன? துணையின்றி இரு பகைவருக்கு எதிரே நிற்பவன் அவர்களில் ஒருவனைத் துணையாக்கிக்கொள்ளட்டும் என்று 'பகைத்திறம் தெரிதல்' அதிகாரத்தில் வள்ளுவரே வழிவிடுகிறார். சுமார் 4 லட்சம் லாரிகளும் ஜீப்புகளும் அமெரிக்காவிலிருந்து சோவியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சிக்கல் லாரியில் இல்லை. வாயை மூடிக்கொண்டதில் இருக்கிறது.

1943 ஏப்ரலில், கத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளின் புதைகுழிகளைக் கண்டதாக ஜெர்மனி அறிவித்தது. 1940இல் ஸ்டாலினின் ஆட்கள் பல இடங்களில் சுட்டுக்கொன்ற ஏறத்தாழ 22,000 போலந்துக்காரர்களில் ஒரு பகுதியினர் அவர்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர். செய்தது ஜெர்மனியே என்று மாஸ்கோ சாதித்தது. நாடுகடந்த போலந்து அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓமாலி சான்றுகளை அலசி, பழி சோவியத் பக்கமே சாய்கிறது என்று மே மாதம் ரகசிய அறிக்கை எழுதினார். குழிகளை மறைக்கக் கொலைகாரர்கள் மரக்கன்று நட்டதுபோல, இங்கிலாந்தின் நற்பெயரும் மூடாக்காகப் பயன்பட்டது என்றார். சர்ச்சில் அதை ரூஸ்வெல்ட்டுக்கும் அனுப்பினார். இருவருமே வெளியே மூச்சுவிடவில்லை.

மக்களையும் ஆட்சியையும் பிரித்துப் பார்த்த பேராயரின் வாதம் இங்கே உதவாது. லாரி மக்களையும் காத்தது. இந்த மௌனம் காத்தது ஆட்சியை மட்டுமே. போர்க்காலத்தில் வேறென்ன செய்வது என்று கேட்கலாம். போர் முடிந்த பிறகு? நூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் இந்தக் கொலைகளையும் ஜெர்மானியர் மீதே சோவியத் தரப்பு சுமத்தியது. 1946இல் வந்த தீர்ப்பில் கத்தின் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொன்றது தாங்கள்தான் என்று மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990இல்.