பழுதும் பழக்கமும்

கருவி பழுதுறுவது இயற்கையா, அன்றி ஒருவர் செயலின் விளைவா? கணிப்பொறியைப் பொறுத்தவரை, இயற்கையே என்று எண்ண மக்கள் பழகிவிட்டனர். பொறி நின்றுபோனால் அணைத்து மீண்டும் இயக்குகின்றனர், மழை வந்தால் குடை விரிப்பதைப் போல. மழைக்குப் பொறுப்பாளி எவருமிலர், மென்பொருளுக்கோ உளர்.

முன்பு இத்துணைச் சகிப்பு இருந்ததில்லை. 1994ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தாரின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளில் பிழைபடுவதைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டறிந்தார். சாதாரண மக்களுக்கு 27,000 ஆண்டுகளில் ஒருமுறையே அப்பிழை நேருமென நிறுவனத்தார் சமாதானம் கூறினர். மக்கள் ஏற்றிலர். கேட்டோர்க்கெல்லாம் சில்லை மாற்றித்தர அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனத்தார் இசைந்தனர், 47.5 கோடி டாலரை இதன்பொருட்டுச் செலவாக எழுதினர்.

இணையத்தின் வழியே திருத்தம் அனுப்புவது எளிதானபின், முற்றச் சோதித்து விற்கும் நெருக்கடி தளர்ந்தது. இன்றைய உரிம ஒப்பந்தங்களை வாசித்தால் (வாசிப்போர் யார்!), பொருள் 'உள்ளது உள்ளபடி' தரப்படுகிறது, இழப்புக்கு யாம் பொறுப்பல்லோம் என்றே பெரும்பாலும் காணலாம்.

சிறு தொல்லைதானே என்பார், பிரிட்டனில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். அங்குத் தபால் நிலையங்களில் 1999 முதல் பரவிய ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள், இல்லாத இருப்புக் குறைவைக் காட்டிற்று. களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்கள் சப் போஸ்ட்மாஸ்டர்கள் மீது சுமத்தப்பட்டன. 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றனர். கருவுற்றிருந்த ஒரு பெண்மணி 2010இல் சிறை புகுந்தார். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர்நீதிமன்றம் கூறியது 2019இல். பல நூற்றுவர் மீதிருந்த பழியைப் பாராளுமன்றம் தனிச்சட்டத்தால் நீக்கியது 2024இல்.

அவ்வழக்குகள் நடந்த காலத்தில், மாறாக ஆதாரம் காட்டும்வரை கணிப்பொறி செவ்வனே இயங்கியது என்றே அந்நாட்டு நீதிமன்றங்கள் கொண்டன. விந்தையைப் பாருங்கள்! பிழை இருக்கலாம், நான் பொறுப்பல்லேன் என்கிறான் விற்பவன். பிழை இராது, நீயே கள்வன் என்கிறது வழக்கு. இவ்விரண்டும் ஒருங்கே நிலவ இடந்தந்தது நமது பழக்கமேயாம். இதற்குப் பொறுமை என்று பெயரிடுதல் தகாது. தனக்கு நேர்ந்த தீங்கைத் தாங்குவது பொறுமை. பழுதின் பழி அயலான் தலையில் விழுகையில் வாளாவிருப்பது வேறு.

கணக்கு ஒவ்வாதபோது உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த சப் போஸ்ட்மாஸ்டர்கள் பலர்க்கு, 'இது உமக்கு மட்டுமே நேர்ந்தது' என்ற மறுமொழி கிடைத்தது. தத்தம் ஊரில் தனித்திருந்தோர் அதனை எங்ஙனம் மறுப்பர்? 2009இல் ஆலன் பேட்ஸ் முதலியோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபின், அதே மறுமொழியைப் பெற்றோர் பலரென்பது வெளிப்பட்டது.