தீர்ப்பும் வாசகரும்

நாலந்தாவிலே அண்மையில் ஒரு நாள், ஆசிரியரும் உயர்தர வகுப்பு மாணவருமாகச் சிலர் கூடி ஒரு நாவலைப் பற்றி வாதிட்டதைக் கேட்டிருந்தோம். மிச்சிகன் மாநில உயர் நீதிமன்ற நீதியரசர் ஜோன் வோல்க்கர், றொபேட் ட்ராவர் என்னும் புனைபெயரில் 1958இல் வெளியிட்ட ‘அனற்றமி ஒஃப் எ மேர்டர்’ என்பது அந்நாவல். 1952இல் எதிரிக்காகத் தாமே வாதாடிய ஒரு கொலை வழக்கே அதற்குக் கரு. தன் மனைவியைக் கெடுத்தான் என்று சொல்லி ஒரு மதுக்கடைக்காரனைச் சுட்டுக் கொல்கிறான் ஓர் இராணுவ அதிகாரி. அவனுடைய கதையைக் கேட்குமுன்பே, எந்தக் கதை சட்டத்தில் செல்லும் என்பதை வக்கீல் அவனுக்கு விளக்கிவிடுகிறார். சித்தம் கலங்கியிருந்தான் என்று விடுதலை கிடைக்கிறது. பேசிய கூலியையும் கொடாமல் அவன் போய்விடுகிறான்.

பொய்க்கு வழிகாட்டிய வக்கீலும் குற்றவாளியே என்றார் ஓர் ஆசிரியர். குறுக்கு விசாரணைப் பகுதிகள் தம்மை விடியும்வரை உறங்கவிடவில்லை என்றார் மற்றொருவர். “உண்மை என்னவென்று சொல்லாமலே முடித்துவிட்டாரே, இது வாசகனை ஏமாற்றுவதல்லவா?” என்று ஒரு மாணவர் கேட்டபோதுதான் பெரும்பாலோர் தலையசைத்தனர்.

இந்தக் குறையே நம்மைச் சிந்திக்கச் செய்தது. அதே ஊரில் நிற்கும் கல் கெடிகேயை எவர் எப்போது கட்டினார் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமைப்படவில்லை. பல்லவர் பாணியில் அமைந்த பௌத்த ஆலயம் அது. போவதென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து மேட்டிலே மீண்டும் அடுக்கப்பட்டது. அந்த ஐயத்தோடு ஊரார் நிம்மதியாகவே வாழ்கிறார்கள். கொலை என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு ஐயம் பொறுப்பதில்லை.

சட்டம் கேட்பது, “இவன்மீது சாட்டிய குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டதா?” என்ற ஒன்றையே. வாசகர் கேட்பதோ, “அப்படியானால் யார்தான் செய்தது?” என்பது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்வு நசுங்கிப் போகலாம். நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு.

1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்துப் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி, 1951 அக்டோபர் 9ஆம் நாள் கொழும்பில், தம் வீட்டிலே கொலையுண்டார். கணவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவ்வீட்டில் வேலைக்கு அமர்ந்து சில நாட்களே ஆகியிருந்த தென்னிலங்கைக் கிராமத்துப் பையன் ஒருவன், நிபந்தனை மன்னிப்புப் பெற்று முடியின் சாட்சியானான். எதிரித் தரப்பு அப்புக்காத்து கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 57 நாள் விசாரணை. எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித் வந்து, உயிர் பிரிந்த நேரத்தைப் பற்றிச் சாட்சியமளித்தார். இருபது மாத விளக்கமறியலுக்குப் பின், 1953 ஜூனில் யூரிமார் ஒருமனதாகச் சதாசிவத்தை விடுவித்தனர்.

கணவர் வீட்டை விட்டுச் சென்ற பின்னரே கொலை நிகழ்ந்தது, செய்தவன் வேலைக்காரப் பையனே என்பது எதிரித் தரப்பின் வாதம். கொல்வினோ தொழிலாளர் கட்சியின் தலைவர். 1942இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பியவர். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனின் மனைவிக்காக விசாரணைக் குழுவின் முன் வாதாடியவர். அத்தகையவர் ஓர் ஏழைப் பையன்மீது விரல் நீட்டலாமா? நண்பர்கள் இதைக் கடுமையாகவே கேட்டனர்.

நாம் அவரைக் குறை கூறமாட்டோம். கட்சிக்காரனின் உயிரைக் காப்பது அப்புக்காத்தின் கடமை. அந்த உரிமை செல்வர்க்குத் தளர்ந்தால் தோட்டத் தொழிலாளிக்கு முற்றாக அற்றுவிடும். (தொழிலாளிக்காக எடின்பரோவிலிருந்து பேராசிரியர் வரமாட்டார் என்பதையும் மறந்துவிட்டோமில்லை.) குறை நம்மிடத்திலேதான். யூரிமார் சொன்னது, சதாசிவம் குற்றவாளியல்லர் என்பது மட்டும். பையன் குற்றவாளி என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்களிடம் அது கேட்கப்படவுமில்லை. அதைச் சொன்னவர்கள் பத்திரிகை படித்தவர்கள், தேநீர்க் கடையில் பேசியவர்கள், பிற்காலத்தில் அவ்வழக்கை மர்மக் கதை போல வாசித்து முடிவு தேடியவர்கள்.

சதாசிவத்துக்குக் கூண்டு இருந்தது; கூண்டு இருந்ததனால் வாதாட ஒருவர் இருந்தார், ஐயத்தின் பயன் இருந்தது, இறுதியில் விடுதலையும் இருந்தது. மன்னிப்புப் பெற்ற பையனுக்கோ கூண்டே இல்லை. குற்றம் சாட்டப்படாதவனை எந்த நீதிமன்றம் விடுதலை செய்யும்? அவன் கொன்றான் என்றோ கொல்லவில்லை என்றோ நாமும் எழுதத் துணியோம். எழுதினால், நாம் இவ்வளவு நேரம் எதை எதிர்த்துப் பேசினோமோ அதையே செய்தவராவோம்.

இதை நாம் சொன்னபோது, முதலில் குறைபட்ட அம்மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “அப்படியானால் இறந்துபோன அந்த அம்மாளுக்கு என்ன நீதி கிடைத்தது?” என்று பிறகு கேட்டார். நம்மிடம் விடை இருக்கவில்லை. தம்புள்ளைப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது; புத்தகத்தை மீண்டும் ஒருமுறை படிப்பதாகச் சொல்லி, அவர் அதை வாங்கிக்கொண்டு சென்றார்.